ஓசையும் பெறுமதியும்: கிற்றாரின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை இசைத்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியைச் செய்த கைவினைஞன், அதற்கு மரம் தந்த காடு, அதனை விற்ற வணிகன், அதற்கு விலை குறித்த சந்தை ஆகியன அவ்வரலாற்றின் ஓரத்திலேயே ஒதுங்கி நிற்கின்றன. மின்விசையின் துணையின்றித் தன் மரப்பெட்டியின் அதிர்வினாலேயே ஒலிக்கும் கிற்றாரைப் பொறுத்தவரையில் இவ்வாறு ஒதுக்கப்பட்டனவே முதன்மையாக ஆராயப்பட வேண்டியவையாகும். ஏறத்தாழ ஒரே அளவும் ஒரே வடிவமும் கொண்ட இரு கிற்றார்களுள் ஒன்று சில நூறு டொலருக்கும் மற்றொன்று பல இலட்சம் டொலருக்கும் விலைபோகின்றது. இவ்வேறுபாடு ஓசையின் வேறுபாட்டினால் எழுந்ததா, அன்றி ஓசைக்குப் புறம்பான காரணிகளின் விளைவா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. பொருளியலாளர் பயன்பாட்டுப் பெறுமதி என்றும் பரிமாற்றுப் பெறுமதி என்றும் வேறுபடுத்திக் கூறுவர். கிற்றாரின் வரலாற்றில் இவ்விரண்டும் சில வேளைகளில் கைகோத்தும், பல வேளைகளில் வெவ்வேறு வழிகளிலும் சென்றுள்ளமையைக் காணலாம்.

இவ்வினாவை அணுகுமுன் கருவியின் இயல்பினைச் சுருக்கமாக அறிந்துகொள்ளல் வேண்டும். மீட்டப்படும் தந்தி தன்னளவில் மிக மெல்லிய ஒலியையே எழுப்பும். அவ்வதிர்வு, தந்திகள் பிணைக்கப்பட்டுள்ள பாலத்தின் வழியாக மேற்பலகையை அடைய, அப்பலகை முழுவதும் அதிர்ந்து காற்றை அசைக்கின்றது. எனவே மேற்பலகை மெல்லியதாகவும் இலேசானதாகவும் இருத்தல் வேண்டும். அதேவேளையில் தந்திகளின் இழுவையை அது தாங்கவும் வேண்டும். ஆறு உருக்குத் தந்திகளின் மொத்த இழுவை எழுபது கிலோகிராமுக்கும் மேற்பட்டதாகும். இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்காகவே பலகையின் உட்புறத்தில் மெல்லிய சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. கிற்றார் செய்வோனின் திறமை முழுவதும் இச்சட்டங்களை எங்கு வைப்பது, எவ்வளவு செதுக்குவது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது எனலாம்.

இவ்வுண்மையை ஐயத்துக்கிடமின்றிக் காட்ட முயன்றவர் ஸ்பானிய நாட்டின் அல்மேரியாப் பகுதியிற் பிறந்த அந்தோனியோ தெ தொரெஸ் (1817–1892) ஆவார். தச்சுத்தொழிலிலிருந்து கருவி செய்யும் தொழிலுக்கு வந்த இவர், கிற்றாரின் உடலைப் பெரிதாக்கி, மேற்பலகையை மெலிதாக்கி, அதன் அடியில் விசிறிபோல் விரியும் சட்டங்களை அமைத்தார். இன்று உலகெங்கும் இசைக்கப்படும் செவ்வியற் கிற்றார் இவரது அமைப்பையே அடியொற்றியதாகும். 1862ஆம் ஆண்டில் இவர் ஒரு வியத்தகு பரிசோதனையைச் செய்தார். மேற்பலகையை நல்ல மரத்தாற் செய்து, பின்பலகையையும் பக்கங்களையும் கூழாக்கிய தாளட்டையால் அமைத்து ஒரு கிற்றாரை உருவாக்கினார். ஓசையின் உயிர் மேற்பலகையிலேயே உண்டு, விலையுயர்ந்த பக்க மரங்களில் அன்று என்பதே அதன் பொருள். அக்கருவி இன்று பார்சலோனா இசை அரும்பொருளகத்தில் உள்ளது. இத்தகைய மேதை தம் வாழ்நாளில் கருவித் தொழிலை மட்டும் நம்பிச் சீவிக்க இயலாது, அல்மேரியாவில் பீங்கான் பாத்திரக் கடை ஒன்றையும் நடத்தவேண்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர் செய்த கருவிகளின் பரிமாற்றுப் பெறுமதி உயர்ந்தபோது அதன் பயனை அடைய அவர் உயிரோடிருக்கவில்லை.

ஸ்பானியாவில் ஒரு தச்சன் கிற்றாரை மாற்றியமைத்த அதே நூற்றாண்டில், ஜேர்மனியின் சக்சனிப் பகுதியில் தச்சன் கிற்றார் செய்யலாமா என்பதே வழக்காக இருந்தது. மார்க்நியூகிர்ஹென் என்னும் ஊரில் வயலின் செய்வோரின் தொழிற்குழு, தாமே கலைஞர் என்றும் தளபாடம் செய்யும் தச்சர் கிற்றார் செய்தல் தகாது என்றும் வாதாடியது. தச்சர் குழுவைச் சேர்ந்த குடும்பத்தில் 1796இல் பிறந்தவர் கிறிஸ்தியன் பிரெடெரிக் மாட்டின். வியன்னாவில் யோகான் ஸ்தௌபரின் பட்டறையிற் பணியாற்றிய இவர், 1833இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்து, முதலில் நியூயோர்க்கிலும் பின்னர் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத்திலும் தொழில் நடத்தினார். இங்கு நோக்கற்பாலது யாதெனில், அவ்வழக்கில் கிற்றாரின் தகுதியை அளக்கும் கோலாக அதன் ஓசை கொள்ளப்படவில்லை என்பதாகும். செய்தவன் எக்குழுவினன் என்பதே கோலாயிற்று.

அமெரிக்காவில் மாட்டினும் அவர் காலத்துக் குடியேறிய கைவினைஞர் சிலரும் 1840களில் பெருக்கற்குறி வடிவிற் குறுக்கிடும் இரு சட்டங்களை மேற்பலகையின் அடியிற் பொருத்தினர். அது நரம்புத் தந்திகளின் காலம். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருக்குத் தந்திகள் பரவியபோது, அவற்றின் பேரிழுவையைத் தாங்கியும் ஓசையைக் கெடுக்காதும் நின்றது இவ்வமைப்பே. இன்றைய உருக்குத்தந்திக் கிற்றார்களுட் பெரும்பாலானவை இதன் வழிவந்தவை.

மாட்டின் நிறுவனத்தின் கிற்றார்கள் 18, 28 முதலிய எண்களால் அழைக்கப்படுவதன் காரணமும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வெண்கள் டொலர்க் கணக்கில் மொத்த விற்பனை விலையையே குறித்தன. விலை பின்னர் பன்மடங்கு மாறியும் எண் மாறவில்லை. இதனைப் போன்றே கிப்சன் நிறுவனம் 1942இல் வெளியிட்ட ஜே-45 என்னும் கிற்றாரின் எண்ணும் அதன் 45 டொலர் விலையை ஒட்டியதே. ஓசையை விதந்து பேசும் இசைஞன் தன்னையறியாமலே ஒரு பழைய விலைச்சீட்டின் பெயரை உச்சரிக்கின்றான்.

இக்கருவிகளின் ஓசையில் உண்மையான வேறுபாடுகள் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. 1906இல் நீரிலிறங்கிய பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரைத் தாங்கிய ‘ட்ரெட்நோட்’ என்னும் பேருடற் கிற்றாரை மாட்டின் நிறுவனம் 1916 முதல் பொஸ்ரன் நகரத்து டிட்சன் நிறுவனத்துக்காகச் செய்தது. 1931இல் தன் பெயரிலேயே வெளியிட்டது. அவற்றுள் டி-18 மஹோகனி மரத்தாலான பின்பலகையையும், டி-28 றோஸ்வூட் மரத்தாலான பின்பலகையையும் கொண்டவை. டி-28 ஆழமான மந்தர ஒலிக்கும் நீண்டு தேயும் துணைச்சுரங்களுக்கும் பெயர்பெற்றது. பான்ஜோவும் வயலினும் சேர்ந்தொலிக்கும் அமெரிக்க மலைநாட்டு இசைக்குழுக்களில் அமிழ்ந்து போகாது நிற்கும் வலிமை அதற்கிருந்தது. கிப்சன் ஜே-45இன் தந்தி நீளம் சற்றுக் குறைவு. அதன் ஒலி விரைந்தெழுந்து விரைந்தடங்குவது. தனித்துப் பாடுவோனின் குரலை மறைக்காது துணைசெய்வதற்கு அது உகந்தது. இவற்றுள் எது உயர்ந்தது என்னும் வினாவுக்கு எப்பயன்பாட்டுக்கு என்னும் எதிர்வினாவே விடையாகும்.

பழைய கிற்றார்கள் புதியவற்றினும் மேலானவை என்னும் கூற்று ஆராயத்தக்கது. 1930களின் டி-28 மீது இசைஞர் கொண்ட விருப்பு வெறும் பழமைப் பற்றன்று. அக்காலக் கருவிகளில் உட்சட்டங்கள் குழிவாகச் செதுக்கப்பட்டு இலேசாக்கப்பட்டிருந்தன. பருமனான தந்திகளைப் பூட்டுவோர் பெருகியதால் மேற்பலகைகள் வளைந்து, பழுதுபார்க்கும் சுமை நிறுவனத்தின் மீது விழுந்தது. எனவே 1944இன் இறுதியில் இச்செதுக்கு முறை கைவிடப்பட்டு, சட்டங்கள் தடிப்பாகவே விடப்பட்டன. கருவி உறுதியாயிற்று, ஓசை இறுகிற்று. இம்மாற்றத்தை முதலிற் கண்டுகொண்டது இசைஞரின் செவியே. அவர்கள் பழைய கருவிகளைத் தேடி வாங்கத் தலைப்பட்ட பின்னர், 1976இல் அந்நிறுவனமே செதுக்கிய சட்டங்களோடு கூடிய கிற்றாரை எச்டி-28 என்னும் பெயரில் மீண்டும் வெளியிட்டது. பழைய கருவியின் சிறப்பிற் கணிசமான பகுதி உளிவேலையில் இருந்தது என்பதும், அது மீளச் செய்யக்கூடியது என்பதும் இதனால் தெளிவாகின்றன.

உளிபிடித்த கைகள் யாருடையவை என்னும் வினா இவ்விடத்து எழுதல் இயல்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலிருந்த கிப்சன் தொழிற்சாலையின் ஆண்கள் போருக்குச் சென்றுவிட, அவர்களின் இடத்தைப் பெண்கள் நிரப்பினர். உலோகத் தட்டுப்பாட்டினால் சில கருவிகளின் கழுத்தினுள் இடப்படும் உருக்குத் தண்டும் தவிர்க்கப்பட்டது. அக்காலக் கிப்சன் கிற்றார்கள் இன்று சேகரிப்போரால் மிகவும் விரும்பப்படுகின்றன. ஆயினும் அவற்றைச் செய்த பெண்களின் பணி நெடுங்காலம் வரலாற்றில் உரிய இடம்பெறவில்லை. 1944ஆம் ஆண்டில் தொழிற்சாலையின் முன் எடுக்கப்பட்ட, பெண்கள் அணிவகுத்து நிற்கும் ஒரு புகைப்படத்தைத் துருவிச் சென்ற சட்டப் பேராசிரியர் ஜோன் தோமஸ், எஞ்சியிருந்தோரைத் தேடிக் கண்டு அவர்களின் கதையை நூலாக்கிய பின்னரே அது பரவலாக அறியப்பட்டது. கருவிக்குப் பெறுமதி கூடிய வேகத்தில் அதைச் செய்த உழைப்புக்கு மதிப்புக் கூடவில்லை.

அடுத்து நோக்கற்பாலது மரம். நெடுங்காலமாக விலையுயர்ந்த கிற்றார்களின் பின்பலகைக்கு உகந்ததாகக் கருதப்பட்டது பிறேசில் நாட்டின் அத்திலாந்திக் கரையோரக் காடுகளில் வளரும் றோஸ்வூட் ஆகும். தளபாடத் தொழிலும் காடழிப்பும் அம்மரத்தை அருகச் செய்தன. 1960களின் பிற்பகுதியில் பிறேசில் அதன் அடிமர ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, மாட்டின் நிறுவனம் 1969இல் இந்திய றோஸ்வூட்டுக்கு மாறியது. அம்மரம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளுக்குரியது. தமிழில் ஈட்டி எனவும் தோதகத்தி எனவும் வழங்குவது. இவ்வாறு தமிழும் மலையாளமும் கன்னடமும் வழங்கும் மலைகளின் மரம் அமெரிக்க இசையின் குரலாயிற்று. 1992இல் பிறேசில் றோஸ்வூட்டின் பன்னாட்டு வாணிபம் அருகிவரும் உயிரினங்கள் பற்றிய உடன்படிக்கையினால் தடைசெய்யப்பட்டது. இதன் பின் அம்மரத்தாலான பழைய கிற்றார்களின் விலை மேலும் ஏறிற்று. கருவியின் ஓசை 1991இல் இருந்தவாறே 1993இலும் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மரம் உண்மையிலேயே மேலான ஓசை தருவதா என்பதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு பரிசோதித்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளரை உள்ளிட்ட குழு, பின்பலகையினதும் பக்கங்களினதும் மரம் தவிர ஏனையவற்றால் இயன்றவரை ஒத்த ஆறு கிற்றார்களைச் செய்வித்தது. பிறேசில் றோஸ்வூட், இந்திய றோஸ்வூட், மஹோகனி, மேப்பிள், சப்பெலி, வால்நட் என்பன அவ்வாறு மரங்கள். 52 கிற்றார் இசைஞர் மங்கிய ஒளியில் கருங்கண்ணாடி அணிந்து, கருவியை அடையாளங் காணாதவாறு அவற்றை இசைத்து மதிப்பிட்டனர். ஆறுக்கும் அவர்கள் வழங்கிய ஓசை மதிப்பீடுகள் ஏறத்தாழ ஒத்திருந்தன. அரிய மரத்தை மலிந்த மரத்திலிருந்து நம்பத்தக்கவாறு பிரித்தறியவும் அவர்களால் இயலவில்லை. தொரெஸ் 1862இல் தாளட்டையினாற் சொன்னதையே ஒன்றரை நூற்றாண்டின் பின் ஆய்வுகூடம் உறுதிசெய்தது எனலாம்.

ஓசையும் விலையும் எத்துணை விலகிச் செல்லக்கூடும் என்பதற்கு 2020ஆம் ஆண்டின் ஓர் ஏலம் சான்றாகும். பாடகர் கேர்ட் கோபேன் 1993 நவம்பரில் நியூயோர்க்கில் நிகழ்ந்த தொலைக்காட்சி இசைநிகழ்வில் இசைத்த, 1959இல் செய்யப்பட்ட மாட்டின் டி-18இ கிற்றார் அறுபது இலட்சம் டொலருக்கும் மேலாக விலைபோயிற்று. அன்றுவரை எந்தக் கிற்றாரும் ஏலத்தில் அத்தொகையைப் பெற்றதில்லை. இவ்வகைக் கிற்றாரின் மேற்பலகையிலே மின் ஒலிவாங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் பாரம் பலகையின் அதிர்வைத் தடுத்தமையால் மரவொலிக் கருவி என்ற வகையில் அது குறைபாடுடையது. நெடுங்காலம் உற்பத்தி செய்யப்படவும் இல்லை. அங்கு விலைபேசப்பட்டது ஓசையன்று. ஒரு மனிதனின் நினைவும் ஒரு தலைமுறையின் துயரமுமே.

அத்தகைய பெறுமதி பொய்யானது என்று தள்ளிவிடுதல் வரலாற்று நோக்காகாது. பழஞ்சுவடிக்கும் பழநாணயத்துக்கும் உள்ளது போன்ற வரலாற்றுப் பெறுமதி பழங்கருவிக்கும் உண்டு. அதனை ஓசையின் பெறுமதியெனக் கொள்ளும்போதே தீங்கு விளைகின்றது. அரிய மரமே இனிய ஓசை தரும் என்னும் நம்பிக்கை காட்டை அழிக்கத் துணைபோயிற்று. பெயரும் பழமையுமே தரம் என்னும் நம்பிக்கை, நன்கு செய்யப்பட்ட எளிய கருவியை வைத்திருக்கும் வறிய இசைஞனைத் தன் கருவியையிட்டு நாணச் செய்கின்றது. ஒரு கிற்றாரின் ஓசையை அறிய விரும்புவோன் விலைச்சீட்டையும் மரத்தின் நிறத்தையும் ஒருபுறம் வைத்து, மேற்பலகையின் அடியிலுள்ள சட்டங்களையும் தன் செவியையும் நாடுதல் வேண்டும். அதன் விலையை அறிய விரும்புவோன் காடுகளின் வரலாற்றையும், போர்களின் வரலாற்றையும், பெயரறியாக் கைவினைஞரின் வரலாற்றையும் கற்றல் வேண்டும்.