மறுபடி ஓடினால் யாருக்குக் கூலி?



போன வாரம் பேத்தி, "தாத்தா, நெட்ஃப்ளிக்ஸ் வரதுக்கு முன்னாடி சீரியல் எப்படிப் பார்த்தீங்க?" என்று கேட்டாள். போடும் நேரத்தில் பார்ப்போம், விட்டால் விட்டதுதான் என்றேன். நம்பவில்லை. அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்லாவிட்டால் வாத்தியாருக்குத் தூக்கம் வராதே! கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். குடத்தில் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்து குடிப்பது டவுன்லோடு. குழாயடியிலேயே கையேந்திக் குடிப்பது ஸ்ட்ரீமிங். 1995-இல் ரியல் ஆடியோ மூலம் ஒலியும், 1997-இல் ரியல் வீடியோ மூலம் படமும் இப்படி வந்தன. ஆனால் தொலைபேசிக் கம்பி வழி இணையத்தில் தண்ணீர் நூலாகத்தான் ஒழுகியது. தீப்பெட்டி அளவுப் படம், அதுவும் நின்று நின்று ஓடும். பிராட்பேண்ட் பரவிய பிறகே முழுத் தொடரைக் காட்ட முடிந்தது.

இனி ஆண்டுவாரியாக. (பரீட்சை இல்லை, பயப்படாதீர்கள்.)

2005 அக்டோபர்: அமெரிக்காவில் ஏ.பி.சி.யின் 'லாஸ்ட்' போன்ற தொடர்கள் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் ஒரு பகுதி 1.99 டாலருக்கு விற்பனைக்கு வந்தன. இது குடத்துத் தண்ணீர்.

2006 மே: அதே ஏ.பி.சி. தன் இணையதளத்தில் சில தொடர்களை விளம்பரத்தோடு இலவசமாக ஓடவிட்டுச் சோதித்தது.

2007 ஜனவரி: அதுவரை தபாலில் டிவிடி அனுப்பிவந்த நெட்ஃப்ளிக்ஸ், கணினியில் நேரடியாகப் பார்க்கும் வசதியை அறிவித்தது.

2007 டிசம்பர் 25: பிரிட்டனில் பி.பி.சி. ஐபிளேயர்.

2008 மார்ச்: என்.பி.சி. யுனிவர்சலும் நியூஸ் கார்ப்பரேஷனும் சேர்ந்து தொடங்கிய ஹுலு, அமெரிக்க மக்கள் அனைவருக்கும் திறந்தது.

இத்தனைக்கும் நடுவில் 2007 நவம்பர் 5 அன்று, சுமார் 12,000 திரைக்கதை எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் தொடர் மறுபடி ஓடினால் எழுதியவருக்கு ஒரு தொகை உண்டு. இணையத்தில் மறுபடி ஓடினால்? "அது வெறும் விளம்பரம்தான்" என்றன நிறுவனங்கள். ஆனால் அந்த ஓட்டத்துக்கு நடுவே விளம்பரதாரரிடம் காசு வாங்கிக்கொண்டுதான் இருந்தன!

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வேலையில் இருந்த காலத்தில் நான் இரவில் உட்கார்ந்து கையால் எழுதிய கணக்குப் பயிற்சித் தாள்களை ஒரு அச்சகத்தார் புத்தகமாகப் போட்டு விற்றார். என் பெயர்கூட இல்லை. போய்க் கேட்டேன். "உங்களுக்கு விளம்பரம்தானே சார்" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவர்கள் திரும்பவில்லை. 100 நாள் நின்றார்கள். 2008 பிப்ரவரியில் வந்த ஒப்பந்தத்தில், தொடரின் முதல் 17 நாள் (புதுத் தொடரானால் 24 நாள்) இணையத்தில் இலவசமாக ஓடலாம், அதன் பிறகு எழுதியவருக்குப் பணம் தரவேண்டும் என்று முடிவானது. தொகை சிறிதுதான். ஆனால் இணையத்தில் ஓடுவதும் ஒளிபரப்புதான் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்களே, அதுதான் பெரிது. கணக்கு அத்தோடு தீரவில்லை. 2023-இல் இதே எழுத்தாளர்கள் ஸ்ட்ரீமிங் பங்கையும் முன்வைத்து மறுபடி 148 நாள் போராடினார்கள்.

என் மாணவர்களில் எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், குறும்படம் எடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள். "விளம்பரம்தானே" என்று யாராவது சொன்னால், என்னைப் போல டீ குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். தாளில் எழுதி வாங்குங்கள்.

நீங்கள் இணையத்தில் முதன்முதலில் பார்த்த தொடர் எது? கீழே எழுதுங்கள். பேத்திக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்