பந்தயச் சாலையில் புதுச் சாரதி

விளாத்திகுளம் வட்டாரத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் தார்ச்சாலையில்தான் நடக்கும். ஊர் முகப்பில் வண்டிகளை வரிசையாக நிறுத்திக் கொடி அசைத்ததும், சில மைல் தள்ளி வைத்த எல்லையைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். நாட்டில் கிலோமீட்டர் புழக்கத்துக்கு வந்து எத்தனையோ காலமாகியும் பந்தய நோட்டீஸில் இன்றைக்கும் மைல் கணக்குதான். பெரிய மாட்டுக்குப் போக வர 8 மைல், 10 மைல். சின்ன மாட்டுக்கு 6 மைல். பூஞ்சிட்டுக்கு அதற்கும் குறைவு. கோயில் பொங்கல், கொடை, தலைவர்களின் பிறந்தநாள் என்று ஏதாவது ஒரு காரணம் இருந்தால் போதும். புதூர், எட்டையபுரம், ஓட்டப்பிடாரம், வேம்பார் பக்கமெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள்.

பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்ற இந்தப் பிரிவைப் பரிசுத் தொகை பிரிப்பதற்கான ஏற்பாடாகத்தான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பந்தயத்தின் பாதுகாப்பு தொடங்குவதே அங்கேதான். பூஞ்சிட்டு என்பது உருவத்தில் சிறிய, வயதில் இளைய மாடு. அதைப் பெரிய மாட்டோடு ஒரே வரிசையில் நிறுத்தினால், முந்திப் போகிற வண்டியின் வேகத்துக்கு மிரண்டு சாலையை விட்டு இறங்கிவிடும். மாட்டுக்கு மட்டுமில்லை, சாரதிக்கும் இதே கணக்குதான். தலைக்கயிறு பிடித்துப் பழகாத இளவட்டம் எடுத்த எடுப்பில் பெரிய மாட்டு வண்டியில் ஏறுவதில்லை. முதலில் துணைச் சாரதி. வண்டிக்குப் பக்கத்தில் ஓடுவது, ஏறுவது, இறங்குவது, மாட்டை அதட்டுவது. கயிறு கைக்கு வருவது அப்புறம்தான். மாட்டைப் பழக்குவதிலும் உழவுக் காலத்து முறை அப்படியே தொடர்கிறது: புதுக் காளையைப் பழகிய காளையோடுதான் நுகத்தில் பூட்டுவார்கள்.

இந்தப் பழக்கமெல்லாம் பந்தயத்துக்காக உண்டானதில்லை. பருத்தி கொடுத்த பழக்கம் அது. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், கரிசலில் விளைந்த பருத்தி துறைமுகம் போய்ச் சேர்ந்தது மாட்டுவண்டியில்தான். ரயில் வந்த பிறகும் அது கோவில்பட்டி வழியாகப் போனதே தவிர விளாத்திகுளம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கிழக்கே இருந்த ஊர்களுக்கு வண்டிதான் கதி. கரிசல் மண்ணின் குணம் அந்தப் பக்கத்து வண்டிக்காரருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்தால் களியாகி, சக்கரத்தைக் குடம் வரைக்கும் விழுங்கிவிடும். பாரத்தோடு வண்டியை அதிலிருந்து மீட்க வேண்டுமானால் இரண்டு மாடும் ஒரே நேரத்தில் கழுத்துக் கொடுக்க வேண்டும். ஜோடி சேர்ப்பது என்ற கலை அங்கேதான் தேறியது. பந்தயத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் இன்றைக்கும் அந்த ஜோடிப் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

டிராக்டரும் லாரியும் வந்ததும் மாட்டுக்கு வயலிலும் பாதையிலும் வேலை போயிற்று. காளை வளர்ப்பவர்களில் பலர் பந்தயத்துக்காகவே வளர்க்கத் தொடங்கினார்கள். வண்டியும் மாறியது. பருத்தி ஏற்றிய வண்டி கனமானது. பந்தய வண்டி கூடுமானவரை இளைத்தது. எடை குறைந்த வண்டி வேகமாக ஓடும், வேகமாகவே கவிழவும் கவிழும். அதனால்தான் விவரமான சாரதி பந்தயத்துக்கு முந்தின நாள் மாட்டைவிட வண்டியோடு அதிக நேரம் செலவழிப்பார். இருசு நேராக இருக்கிறதா, கடையாணி ஆடுகிறதா, பூட்டாங்கயிறு எங்கேயாவது நைந்திருக்கிறதா, லாடத்தில் ஆணி தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். கடையாணி கழன்றால் சக்கரம் தனியாகப் போகும். தார்ச்சாலையில் தேய்ந்த லாடத்தோடு ஓடும் மாடு திருப்பத்தில் வழுக்கி முன்னங்கால் மடங்கும். அந்த மாடு பிறகு எழுந்து நடப்பதே பெரும்பாடு.

பந்தயத்தில் ஆபத்தான இடம் எது என்று கேட்டால் புதியவர்கள் புறப்படும் இடத்தைக் காட்டுவார்கள். அனுபவப்பட்டவர்கள் காட்டுவது எல்லையை. எட்டு மைல் பந்தயத்தில் நாலாவது மைலில் சாலையின் நடுவே அடையாளம் வைத்திருப்பார்கள். முழு வேகத்தில் வரும் ஜோடியை அந்த இடத்தில் அடக்கி, உள்பக்கத்து மாட்டை நிறுத்தி வெளிப்பக்கத்து மாட்டை ஓட்டி, வண்டியை முழுவட்டமாகத் திருப்ப வேண்டும். ஒரு சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், இன்னொன்று தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். துணைச் சாரதி அந்த நேரத்தில் கீழே குதித்து வண்டியின் பின்பக்கத்தை இழுத்துக் கொடுப்பார். திரும்பிய வண்டி ஊரைப் பார்த்துப் பாய்கிறது. அதற்குள் பின்னால் வந்த வண்டிகள் எதிரே வந்துகொண்டிருக்கும். போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒரே சாலையில் நேருக்கு நேர் சந்திக்கும் இந்தக் கட்டத்துக்குத்தான் ஒழுங்கு வேண்டும். போகிறவர் எந்தப் பக்கம், வருகிறவர் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்லி, எல்லையில் ஆள் நிறுத்தி, வண்டிகள் கூடிப்போனால் இரண்டு பிரிவாகப் பிரித்து விடுகிற விழாக் குழு நல்ல குழு.

இந்த எல்லையில்தான் கொடிப் பரிசும் இருக்கிறது. முதலில் வந்து திரும்புகிற வண்டிக்குக் கொடி கிடைக்கும். அதற்குத் தனிப் பரிசு. பார்க்கிறவர்களுக்கு விறுவிறுப்பு. சாரதிக்கோ பாதித் தூரத்திலேயே இன்னொரு பந்தயம் முளைத்துவிடுகிறது. மாட்டின் மூச்சைக் கணக்குப் போட்டு ஓட்ட வேண்டியவர், கொடிக்காக எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடுகிறார். மிக ஆபத்தான திருப்பத்தில் மிக அதிக வேகத்தோடு வந்து நிற்க ஆசை காட்டுகிற ஏற்பாடு இது. பெரிய மாட்டுச் சாரதிகளுக்கு அது பழகிப்போனது. பூஞ்சிட்டுப் பிரிவில் கொடிப் பரிசை எடுத்துவிடுவது புதியவர்களுக்குச் செய்கிற பெரிய உபகாரமாக இருக்கும்.

வண்டியை விட வேடிக்கை பார்க்கிற கூட்டம்தான் பல இடங்களில் சிக்கல். சாலையின் இரு மருங்கிலும் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். வண்டிகளுக்குப் பின்னாலும் பக்கத்திலும் மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். மாடு எந்தப் பக்கம் ஒதுங்க முடியும்? உலகமே இந்தப் பாடத்தை விலை கொடுத்துத்தான் கற்றது. 1955 ஜூன் 11 அன்று பிரான்சில் லெ மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் ஒரு கார் பறந்து கூட்டத்துக்குள் விழுந்ததில் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பந்தயத் தடத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே தடுப்பும் இடைவெளியும் கட்டாயம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் வலுத்தது. சுவிட்சர்லாந்து சுற்றுத்தடப் பந்தயத்தையே தடை செய்துவிட்டது.

நம் பக்கத்தில் சட்டம் மாட்டின் வழியாக வந்தது. 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் கீழ் 1965-இல் பாரம் இழுக்கும் மாடுகளுக்கான விதிகள். ஆணி வைத்த தார்க்குச்சி கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டக் கூடாது என்பதெல்லாம் அந்த விதிகளிலேயே இருக்கின்றன. சித்திரை வைகாசியில் விளாத்திகுளத்து வெயிலை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். காலையிலேயே ஓட்டி முடித்துவிடுகிற பந்தயத்துக்கும், தலைவர் வரட்டும் என்று பதினோரு மணி வரை மாட்டை வெயிலில் நிறுத்துகிற பந்தயத்துக்கும் உள்ள வித்தியாசம் மாட்டின் வாயில் நுரையாகத் தெரியும்.

2011-இல் மத்திய அரசு காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது. 2016 ஜனவரி 7 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு நிபந்தனைகளோடு இரண்டையும் அனுமதித்தது. வண்டிப் பந்தயத்துக்கு அது போட்ட நிபந்தனை முக்கியமானது: முறையான தடத்தில்தான் ஓட்ட வேண்டும், தடம் 2 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஐந்தே நாளில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜல்லிக்கட்டுக்காக மெரினா போராட்டம், 2017-இல் மாநிலச் சட்டத் திருத்தம் என்று போய், 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் மூன்றின் திருத்தங்களும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சாலைப் பந்தயம் பழையபடி மைல் கணக்கில் ஓடுகிறது. அந்த 2 கிலோமீட்டர் யோசனையைப் பற்றிப் பிறகு யாரும் பேசக் காணோம், பேசியிருக்க வேண்டும்.

ஏனென்றால் குறுந்தடப் பந்தயம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா 200 மீட்டர், 300 மீட்டர் என்றுதான் நடக்கிறது. வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு நேரத்தைக் குறிக்கிறார்கள். முந்துவது இல்லை, எதிர்வண்டி இல்லை, எல்லைத் திருப்பமும் இல்லை. தூரத்தைக் காளையின் பல்லைப் பார்த்து, அதாவது வயதை வைத்து, முடிவு செய்கிறார்கள். தென்மாவட்டக்காரர்களுக்கு அது சப்பென்று இருக்கும். பத்து வண்டி ஒன்றாகக் கிளம்புகிற ஆவேசம் அதில் கிடையாது. ஆனால் முதன்முதலாகக் கயிறு பிடிக்கிறவருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை.

மோட்டார் பந்தயமும் தமிழ்நாட்டில் கிடைத்த இடத்தில் தொடங்கி முறையான தடத்துக்குப் போய்த்தான் வளர்ந்தது. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியபோது அதற்கென்று தடம் கிடையாது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் சும்மா கிடந்தது, அதில் ஓட்டினார்கள். விமானத்துக்காகப் போட்ட நேர்சாலையில் காருக்கு வேகம் கிடைத்தது, வேகத்துக்கேற்ற பாதுகாப்பு கிடைக்கவில்லை. கிளப் சொந்தமாக நிலம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் அமைத்துத் திறந்தது 1990-இல். கோவையில் செட்டிப்பாளையம் தடம் 2003-இல் வந்தது. அது 1995-இல் விமான விபத்தில் இறந்த எஸ். கரிவர்தன் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கரிவர்தன் செய்த பெரிய காரியம் பார்முலா மாருதி. மாருதி 800-இன் சின்ன என்ஜினைப் பொருத்திய ஒற்றை இருக்கைக் கார். செலவு குறைவு, எல்லோருக்கும் ஒரே பலம், கட்டுக்குள் அடங்குகிற வேகம். கரிசல் பந்தயத்துக்குப் பூஞ்சிட்டு எப்படியோ, இந்தியக் கார்ப் பந்தயத்துக்கு அது அப்படி. 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் தொடங்கியதும் அந்தக் காரில்தான்.

முறையான தடம் வந்துவிட்டால் உயிர்ப்பயம் போய்விடும் என்பதில்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டியின்போது மூத்த ஓட்டுநர் கே.ஈ. குமார் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில் 13 வயதுச் சிறுவன் மோட்டார் சைக்கிள் போட்டியில் உயிரிழந்தான். வயதுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற பிரிவு எது, எந்த வயதில் எந்த வண்டி என்ற கேள்வி அதற்குப் பிறகு கூர்மையாக எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான்.

கோவில்பட்டியைத் தொட்டுப்போகும் நான்குவழிச் சாலையும், வேம்பார் வழியே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் கார், பைக்கில் வேகம் பார்க்க நினைக்கும் இளவட்டங்களுக்குப் பெரிய சபலம். அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். வேகம் பார்க்க ஆசைப்படுகிறவர், காசு கட்டிச் சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டும் நிகழ்ச்சிக்குப் போவதே மேல். அங்கேயும் எல்லா நிகழ்ச்சியும் ஒரே தரத்தில் இருக்காது.

காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை மாட்டுவண்டிச் சாரதி கேட்கிற கேள்விகள்தான். புதியவர்களைத் தனிக் குழுவாக விடுகிறார்களா? எங்கே முந்தலாம், எங்கே கூடாது என்று காலையிலேயே உட்கார வைத்துச் சொல்கிறார்களா? பழகிய ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் வருவாரா? பிரேக், டயர், ஹெல்மெட்டை ஒருவர் தொட்டுச் சோதிக்கிறாரா? ஒவ்வொரு திருப்பத்திலும் கொடி காட்டும் மார்ஷல் நிற்கிறாரா? மஞ்சள் கொடி காட்டினால் வேகத்தைக் குறைத்து முந்தாமல் போக வேண்டும், சிவப்புக் கொடி காட்டினால் ஓட்டம் நின்றுவிட்டது என்பதைச் சொல்லிக் கொடுத்தார்களா? ஆம்புலன்ஸ் தடத்துக்குள்ளேயே நிற்கிறதா, கூப்பிட்டால் வருமா? நேரம் குறித்துப் பட்டியல் போட்டுப் பரிசு தருகிறார்கள் என்றால், புதியவர் முதல் தடவை அதில் சேராமல் இருப்பது நல்லது. கொடிப் பரிசு செய்கிற வேலையை அந்தப் பட்டியலும் செய்யும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில், ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் இழப்பீடு கிடையாது என்று எழுதியிருக்கும். தடத்தில் கார் சுவரில் மோதினால் செலவு முழுக்கச் சொந்தக்காரர் தலையில்தான் விழும். தடுப்பில் ஏற்படுத்திய சேதத்துக்கும் சில இடங்களில் பணம் கேட்பார்கள். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டுகிற பொறுப்புத் துறப்புக் காகிதத்தை முன்கூட்டியே வாங்கி வீட்டில் நிதானமாகப் படித்துவிட்டு, புரியாததை நடத்துகிறவரிடம் நேரில் கேட்டுத் தெளிந்த பிறகு பெயர் கொடுக்கலாம்.