தத்சுசாரா: ஒரு பெயரின் கதை

ஜப்பானில் கம்பெனி வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகச் சிறுதொழில் தொடங்குவதை ‘தத்சுசாரா’ என்பார்கள். 1970-களில் பரவிய சொல். நூடுல்ஸ் கடையோ, காபிக் கடையோ, மலையோரத்தில் நாலைந்து அறை கொண்ட விடுதியோ, போய்ச் சேருமிடம் எதுவானாலும் பெயர் இதுதான்.

பின்பாதியான ‘சாரா’, ‘சாலரிமேன்’ என்பதன் சுருக்கம். ஆங்கிலச் சொற்கள் இரண்டை ஒட்டி ஜப்பானியரே செய்துகொண்ட பெயர் அது. அதற்கு முன்பு சிறு சம்பளக்காரரை ‘கொஷிபென்’ என்றார்கள். கொஷி என்றால் இடுப்பு. பென் என்பது சோற்றுப் பெட்டியான பெந்தோ. இடுப்பில் சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர். நம் ‘சம்பளம்’ என்பதற்கு மூலமாகச் சிலர் காட்டும் வடமொழிச் ‘சம்பல’த்துக்கும் வழிக்கான கட்டுச்சோறு என்றே பொருள். (சம்பா நெல்லும் அளத்து உப்பும் என்று பிரிப்போரும் உண்டு.)

என்னை ஈர்ப்பது முன்பாதி. சட்டையையும் செருப்பையும் கழற்றுவதற்கு எழுதும் அதே சீன எழுத்துதான் ‘தத்சு’. பாம்பு தோலுரிப்பதற்கும் அதுவே. இதே எழுத்தில் தொடங்கும் பழைய சொல் ‘தப்பன்’: சாமுராய் ஒருவர் தன் பிரபுவின் நிலத்தை அனுமதியின்றி விட்டுப் போவது. அது குற்றம். சகாமோத்தோ ரியோமா என்ற சாமுராய் 1862-இல் தன் பிரபுவின் நிலமான தோசாவை விட்டுப் போனது அப்படித்தான். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்பதல்ல என் வாதம். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பெரிய கம்பெனிகள் ஆயுள்கால வேலையும் வயதோடு ஏறும் சம்பளமும் தந்து, பதிலுக்கு விசுவாசத்தைக் கேட்டன. காச்சோ, புச்சோ என்று பதவிப் படியேறுவதே வாழ்க்கையான இடத்தில், வெளியேறுபவருக்கு இவ்வளவு அழுத்தமான எழுத்து தேவைப்பட்டிருக்கிறது.

தத்சுசாரா என்ற சொல்லில் சோம்பலின் வாடையே இல்லை. சோபா நூடுல்ஸ் கடைக்காரர் பக்வீட் மாவு எட்டுப் பங்கு, கோதுமை மாவு இரண்டு பங்கு என்று கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைய வேண்டும். தண்ணீர் கூடினால் மாவு கெட்டது. உழைப்பு குறையவில்லை. கடையை எப்போது சாத்துவது என்பது மட்டும் இனி அவர் கையில்.

2022-இல் அமெரிக்காவில் பரவிய பேச்சைத் தொட்டு இப்போது ‘ஷிசுகானா தைஷோகு’, அமைதியான பணிவிலகல், என்ற பெயர் வந்திருக்கிறது. ராஜினாமா கிடையாது. பதவி உயர்வு வேண்டாம். நேரம் முடிந்தால் வீடு. தத்சுசாராவுக்குச் சேமிப்பு வேண்டும், துணிச்சல் வேண்டும். வீட்டுக் கடனும் சிறு பிள்ளைகளும் உள்ளவருக்கு எட்டுகிற வழி இந்த அமைதியான பணிவிலகல்தான். அதை ‘விலகல்’ என்று அழைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒப்புக்கொண்ட வேலையைக் குறைவில்லாமல் முடித்துவிட்டுக் கிளம்புகிறவர் எதிலிருந்து விலகினார்?