பேசும் கணினி: குரலைத் தேர்வது யார்?

கணினித் திரையில் உள்ளதைப் பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். 1989-ல் அமெரிக்காவில் டெட் ஹென்டர், விபத்தில் பார்வையை இழந்தவர், டாஸ் கணினிகளுக்காக 'ஜாஸ்' மென்பொருளைக் கொண்டுவந்தார். நல்ல மென்பொருள்தான். ஆனால் அதன் விலை நம்மூர் மாணவர்களுக்கு எட்டாக்கனி!

2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற மாணவர் 'என்விடிஏ'வை எழுதத் தொடங்கினார். முற்றிலும் இலவசம். அதற்குக் குரல் தந்தது, ஜோனத்தன் டடிங்டன் உருவாக்கிய 'ஈஸ்பீக்'. அது தமிழும் படிக்கும்.

இந்தக் குரல் ஒருவர் பேசிப் பதிவு செய்ததல்ல. பெரும்பாலும் கணினியே கணக்குப் போட்டு உண்டாக்கும் ஒலி. அதனால் கேட்க இயந்திரம் போலத்தான் இருக்கும். ஆனால் வேகத்தை எவ்வளவோ கூட்டினாலும் சொற்கள் தெளிவாகக் கேட்கும். பாடப்புத்தகத்தைச் சீக்கிரம் முடிக்க நினைப்பவருக்கு அதுதானே முக்கியம்?

ஆண் குரல், பெண் குரல், கிசுகிசுப்பு... ஒவ்வொன்றும் ஒரு சின்ன உரைக்கோப்புதான். அதிலுள்ள எண்களை மாற்றினால் புதுக்குரல் தயார்!

பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி போன்ற நிறுவனங்கள் தமிழுக்கு இயல்பான குரல்களை உருவாக்கின. இருந்தும் வேகத்துக்காக ஈஸ்பீக்கை விடாதவர்கள் உண்டு. இனிமையா, வேகமா என்பதை நாள் முழுக்கக் கேட்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுதான் நியாயம்!