தெருவும் தஜ்ரீதும்

அருப்புக்கோட்டைக் கடைத்தெருவை நிழற்படமெடுத்துக் கணினியிலிட்டு, முகமும் சுவரும் பெயர்ப்பலகையும் கரைந்து வெறும் வண்ணப் பட்டைகளாகும்படி மாற்றியமைத்த ஓவியமொன்றை நம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் காட்டினார். "நிழற்படம் சாட்சியல்லவா? சாட்சியைத் திரிக்கலாமா?" என்றார் உடனிருந்த நண்பர். வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கலானோம்.

ஹிஜ்ரி 354இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், கிரகண வேளையில் சிறு துளைவழி விழும் சூரிய உருவம் பிறையாய்த் தோன்றுவதை ஆராய்ந்து தனி நூலே யாத்தார். துளை பெரிதானால் அப்பிறை மறைந்து வட்டமாகிவிடும் என்பதும் அவர் கண்டதே. உருவம் பொருளை மட்டுமா சார்ந்தது? துளையையும் சார்ந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரைக் கோயிலையும் நாயக்கர் அரண்மனையையும் படமெடுத்தார். மெழுகேற்றிய காகிதமே அவருக்கு நெகடிவ். ஒளி நெடுநேரம் பட வேண்டியிருந்தமையால் நடமாடியோர் பெரும்பாலும் பதியவில்லை. சந்தடி மிகுந்த ஊர் ஆளரவமற்றுக் கிடக்கின்றது. வானம் வெளுத்து விழுந்ததால், நெகடிவின்மேல் சாயம் பூசி மேகங்களையும் அவரே உண்டாக்கினார்! நாம் சான்றெனப் போற்றும் படங்களிலேயே மாந்தர் நீங்கினர், மேகம் சேர்ந்தது.

1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ், கைக்குழந்தையான தம் மகனின் படத்தை 176க்கு 176 கட்டங்களாகப் பகுத்துக் கணினிக்குள் செலுத்தினார். படம் எண்ணாகிவிட்டால் கூட்டலாம், கழிக்கலாம், இடம் மாற்றலாம். ஜக்கார்டு தறியில் அமர்ந்த எந்த நெசவாளிக்கும் இதை விளக்க வேண்டுவதில்லை. சேலைக்கரைப் பூவைக் கட்டத்தாளில் புள்ளிகளாக்கி அட்டையில் துளையிடுகின்றனர். துளையிருந்தால் பாவு நூல் எழும், இன்றேல் கிடக்கும்.

இவ்வகை ஓவியத்தை அரபிகள் 'தஜ்ரீத்' என்பர். உரித்தல் என்பது பொருள். ஸர்ஃபு ஓதியோர் 'முஜர்ரத்' என்பதை மறந்திரார். 'இஸ்திக்ஃபார்' என்னும் சொல்லின் மிகையெழுத்துகளை உரித்தால் ஙைன், ஃபா, ரா மிஞ்சும். அம்மூன்றையும் உரித்தாலோ சொல்லே இராது. உருவங்களில் பேணுதலுடைய நமக்கு முகம் மறைந்ததில் வருத்தமில்லை. தெருவின் மூலவெழுத்து மிஞ்சியதா என்பதே நம் கவலை.

மூலப்படத்தையும் கேட்டு வாங்கி அருகில் வைத்துப் பார்த்தோம். ளுஹருக்குப் பின் எடுத்தது. கரிசல் வெயிலுக்கு அஞ்சிக் கூலியாட்கள், காய்க்காரப் பெண்கள் யாவரும் ஒருபக்க நிழலில் ஒண்டி நிற்கின்றனர். ஓவியத்திலும் ஒருபுறம் கண்கூசும் வெண்மை. மறுபுறம் நெருக்கியடித்த கரும்பட்டைகள். திருச்சுழிச் சாலையில் பேருந்துக்குக் காத்து நின்றவர் எவரும் அதை அடையாளங் காண்பர்.

அந்த மூலப்படத்தை அழித்துவிட வேண்டாமென்று மட்டும் மாணவரிடம் சொல்லியனுப்பினோம்.