சம இடைவெளியில் எது சமம்? வளிமண்டல, புவியியல் தரவுகளுக்கான அச்சு அளவுகோல்கள்

அண்டார்க்டிகாவில் வசந்த காலத்து ஓசோன் பெருமளவு குறைந்துவருவதை ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் 1985-இல் ஹாலே நிலைய அளவீடுகளைக் கொண்டு அறிவித்தார்கள். அந்த இழப்பின் பெரும்பகுதி சுமார் 14 முதல் 20 கி.மீ. உயரத்துக்குள் நிகழ்வது. இன்று ஒரு மாணவர் அங்குள்ள பலூன் அளவீட்டைப் பைத்தானில் வரைந்தால் அந்த இழப்பு கண்ணில் படுமா? தரவு மட்டும் இதை முடிவுசெய்வதில்லை. செங்குத்து அச்சின் அளவுகோலுக்கும் அதில் பங்கு உண்டு.

வளிமண்டலத் தரவில் உயரம் பெரும்பாலும் அழுத்தமாகவே தரப்படுகிறது. கடல்மட்டத்தில் சராசரியாக 1013.25 ஹெக்டோபாஸ்கல் இருக்கும் அழுத்தம் சுமார் 5.5 கி.மீ. உயரத்தில் பாதியாகிறது, 16 கி.மீ. அளவில் 100, 31 கி.மீ. அளவில் 10 என்று இறங்குகிறது. மேட்பிளாட்லிப் நிரலகம் தானாகத் தருவது சீரான அளவுகோலை. அதில் 1000 முதல் 10 வரை வரைந்தால், 100-க்கும் 10-க்கும் இடைப்பட்ட 15 கி.மீ. தடிமன் அச்சின் பதினோரில் ஒரு பங்குக்குள் நசுங்கிவிடும். மடக்கை அளவுகோலிலோ அதே அடுக்கு சரிபாதி இடத்தைப் பெறும்.

அப்படியானால் மடக்கைதான் எப்போதும் சரியா? இல்லை.

ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலும் ஏறத்தாழ 10.2 கிலோ காற்றின் எடையைக் குறிக்கிறது. ஆகவே சீரான அழுத்த அச்சில் சம நீளம் என்றால் சம நிறை. நீராவியின் பெரும்பகுதி தரையை ஒட்டிய சில கிலோமீட்டருக்குள் இருப்பதால், ஈரப்பதக் கணக்குக்கு இந்த அச்சே நேர்மையானது. மடக்கை அச்சில் சம நீளம் ஏறத்தாழ சம உயரம். அச்சு அளவுகோல் என்பது எதைச் சமமாகக் கொள்கிறோம் என்ற அறிவியல் கூற்று. அதை நிரலின் இயல்பமைப்பிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.

அட்சரேகைக்கும் இது பொருந்தும். சீரான அச்சில் 30 பாகை தெற்குக்கும் 30 பாகை வடக்குக்கும் இடைப்பட்ட பகுதி மூன்றில் ஒரு பங்கு நீளமே பெறுகிறது. புவிப் பரப்பிலோ அது சரிபாதி. இரு துருவங்களையும் சூழ்ந்த, 60 பாகைக்கு அப்பாலுள்ள பகுதிகளும் அதே மூன்றில் ஒரு பங்கைப் பெறுகின்றன. அவற்றின் உண்மைப் பரப்பு 13.4 சதவீதம்தான். புவி முழுமைக்குமான வெப்பநிலை மாற்றத்தை இப்படி வரைந்தால், ஆர்க்டிக் வெப்பமாதல் உலகச் சராசரியில் தனக்குள்ள பங்கைவிடப் பெரிதாகத் தோன்றும்.

அட்சரேகையின் சைன் மதிப்பை அச்சாக்கினால் சம நீளம் சம பரப்பாகிவிடும். மேட்பிளாட்லிப்பில் சார்பு வகை அளவுகோலுக்கு, பாகையை ரேடியனாக்கிச் சைன் காணும் சார்பையும் அதன் நேர்மாறையும் கொடுத்தால் போதும். ஆர்க்டிக்கையே ஆராய்பவருக்கு இது உதவாது என்ற மறுப்பு நியாயமானது: வடக்கே 60 பாகைக்கு மேலுள்ள பகுதி அச்சின் 6.7 சதவீதமாகச் சுருங்கிவிடும். அவருக்குச் சீரான அச்சே தக்கது. இந்த மறுப்பு மேற்சொன்ன வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது; கேள்வி மாறினால் அளவுகோலும் மாற வேண்டும்.

நடைமுறையில் சில கவனங்கள் தேவை. அழுத்த அச்சைத் தலைகீழாக்காவிட்டால் தரை மேலே போய்விடும். மடக்கை அச்சில் சுழிய மதிப்புக்கு இடமில்லை. 850, 700, 500 போன்ற வழக்கமான மட்டங்களை அச்சுக் குறிகளாக நாமே தர வேண்டும். பைத்தானில் நிலப்படம் வரையும் கார்ட்டோபை நிரலகத்தில் மெர்கேட்டர் படத்தின் மேல் பாகைத் தரவை வரையும்போது அதன் ஆயமுறையைச் சொல்லத் தவறினால், நிரல் பாகைகளை மீட்டர்களாகக் கொள்ளும். உலகின் எல்லாப் புள்ளிகளும் கினி வளைகுடாவில் சில நூறு மீட்டருக்குள் குவிந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

நிலப்படத்துக்குக் கோட்டுச்சட்டத்தின் பெயரைக் குறிப்பிடுவதுபோல, அழுத்த, அட்சரேகை வரைபடங்களின் விளக்கக் குறிப்பிலும் அளவுகோலையும் அதைத் தேர்ந்த காரணத்தையும் ஒரு வரியில் எழுதுவதை ஆய்விதழ்கள் கட்டாயமாக்க வேண்டும். நிரலைத் தரவோடு சேர்த்து வெளியிடும்போது, இயல்பமைப்பே போதுமான இடத்திலும் அளவுகோலை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. மறு ஆய்வு செய்பவர் அது தேர்ந்தெடுத்ததா, தவறவிட்டதா என்று ஊகிக்க வேண்டியிராது.