குழந்தையின் மூச்சை அளந்த சிறு நாணல்

இலத்தீன் மொழியில் ‘கன்னா’ என்றால் நாணல். அதன் குறுமை வடிவமே ‘கேனுலா’. சிறு நாணல் என்பது பொருள். உடலுக்குள் செலுத்தப்படும் பலவகை மெல்லிய குழாய்களுக்கு மருத்துவம் இப்பெயரை வழங்குகிறது. அவற்றுள் மூக்கில் பொருத்தும் கேனுலா ஆக்சிஜன் கொடுக்கும் கருவியாகவே பலருக்கும் அறிமுகம். உறங்கும் குழந்தையின் மூச்சை அளக்கும் கருவியாகவும் அது பயன்படுகிறது. அந்த நிலைக்கு அது வந்து சேர்ந்த வரலாறு, ‘மந்தபுத்தி’ என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

1868இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த மருத்துவர் வில்ஹெல்ம் மேயர், மூக்கின் பின்புறத்தில் வளர்ந்து மூச்சுவழியை அடைக்கும் அடினாய்டு சதையை விரிவாக விவரித்தார். 1889இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹில், குழந்தைகள் படிப்பில் பின்தங்குவதற்கும் மந்தமாக இருப்பதற்குமான சில காரணங்களைப் பற்றி ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார். வாயால் மூச்சுவிட்டு, இரவில் குறட்டையிட்டுப் புரண்டு, பள்ளியில் தலைவலியால் அவதிப்படும் குழந்தையைச் சோம்பேறி என்று ஒதுக்காமல் அதன் தொண்டையைச் சோதிக்க வேண்டும் என்பது அவர் வாதம். மூன்றாண்டுகள் கழித்து வெளிவந்த வில்லியம் ஆஸ்லரின் புகழ்பெற்ற மருத்துவப் பாடநூலும், டான்சில் பெருத்த குழந்தைகளின் உறக்கத்தில் மூச்சு இடையிடையே நின்று பின் பேரொலியுடன் மீள்வதைப் பதிவு செய்தது.

ஆயினும் அடுத்த முக்கால் நூற்றாண்டில் ஆய்வாளர்களின் கவனம் பெரியவர்கள் பக்கம் திரும்பியது. இதில் ஒரு முரண் உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 1836–37இல் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் எந்நேரமும் உறங்கி வழியும் ஜோ ஒரு சிறுவன். 1956இல் பர்வெல் குழுவினர் அந்நாவலின் பெயரால் ஒரு நோயை ‘பிக்விக்கியன் சிண்ட்ரோம்’ என்று அழைத்தபோது, அவர்கள் விவரித்த நோயாளி வளர்ந்த ஆண். 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இயங்கிய இரு குழுக்கள், இத்தகைய நோயாளிகளின் மூச்சு உறக்கத்தில் திரும்பத் திரும்ப நிற்பதைக் கருவிகளால் பதிவு செய்தன. குழந்தைகளின் முறை 1976இல்தான் வந்தது. ஸ்டான்போர்டில் கிறிஸ்டியன் கில்மினோவும் சக ஆய்வாளர்களும் எட்டுக் குழந்தைகளின் உறக்க மூச்சுத் தடையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர்.

அக்காலத்தில் மூச்சோட்டத்தைப் பதிய மூக்கு, வாய் அருகே ஒட்டப்படும் தெர்மிஸ்டரே பெரிதும் பயன்பட்டது. வெளிவிடும் மூச்சு வெம்மையானது. உள்ளிழுக்கும் காற்று அதனினும் குளிர்ந்தது. அந்த வெப்ப வேறுபாட்டை உணர்ந்து தெர்மிஸ்டர் கோடு வரையும். மூச்சு முற்றாக நின்றால் கோடும் தட்டையாகிவிடும், அதில் குழப்பமில்லை. மூச்சு பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும் என்பதுதான் சிக்கல். வெப்பநிலை மாற்றம் காற்றின் அளவோடு நேர்விகிதத்தில் செல்வதில்லை. ஆகவே கணிசமாகக் குறைந்த மூச்சும் இயல்பான அலைபோலவே தாளில் தோன்றக்கூடும்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே இக்குறை பெரிதும் பாதகமானது. குழந்தையின் தொண்டைவழி முற்றாக அடைபடுவதைவிட, நெடுநேரம் பாதி அடைபட்டு இருப்பதே மிகுதி. கால அளவிலும் வேறுபாடு உண்டு. மூச்சு 10 விநாடி நின்றால்தான் கணக்கில் கொள்வது பெரியவர்களுக்கான விதி. நிமிடத்துக்கு 40 முறை மூச்சுவிடும் கைக்குழந்தைக்கு 10 விநாடி என்பது ஆறேழு மூச்சுகள். எனவே குழந்தைகளுக்கு விநாடிக்கணக்கு கைவிடப்பட்டு, இரண்டு மூச்சுகளின் கால அளவு வரையறையாயிற்று. 1992இல் கரோல் மார்கஸ் குழுவினர் இயல்பான குழந்தைகளின் அளவுகளை வெளியிட்டபின், மணிக்கு ஒருமுறைக்கு மேல் நிகழும் மூச்சுத் தடையே குழந்தைக்கு இயல்பு மீறியது என்னும் கருத்து நிலைபெற்றது. இத்தனை நுண்ணிய எல்லையைக் காக்க நுண்ணிய உணரியும் தேவைப்பட்டது.

1997இல் நியூயார்க்கிலும் பார்சிலோனாவிலும் இருந்து வந்த ஆய்வுகள் வழி காட்டின. ஆக்சிஜன் கொடுக்கும் அதே கேனுலாவை ஓர் அழுத்த உணரியோடு இணைத்தால், நாசித் துளையில் மூச்சுக்கு மூச்சு மாறும் அழுத்தம் பதிவாகும். அவ்வழுத்தம் ஏறத்தாழ மூச்சோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதமானது. வர்க்கமூலம் எடுத்தால் ஓட்டத்துக்கு நெருங்கிய மதிப்பு கிடைக்கும். அலையின் வடிவமும் பேசத் தொடங்கியது. தடையற்ற உள்மூச்சு வளைந்த முகடாகத் தோன்றும். தொண்டை குறுகியபோது முகடு மழுங்கித் தட்டையாகும். இத்தடையை அறிய முன்னர் உணவுக்குழாயில் அழுத்தமானியைச் செலுத்த வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கு அது எத்தகைய துன்பம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2002இல் பாரிஸில் ஹா டிராங் குழுவினர் கைக்குழந்தைகளிடமும் சிறுவர்களிடமும் கேனுலாவைச் சோதித்து, தெர்மிஸ்டர் தவறவிடும் நிகழ்வுகளை அது காட்டுவதைக் கண்டனர். பதிவு படிக்க இயலாமல் போகும் நேரங்களும் அவர்கள் ஆய்வில் வெளிப்பட்டன. குழந்தை கேனுலாவைப் பிடுங்கும். சளி துளையை அடைக்கும். அடினாய்டு பெருத்த குழந்தை வாயால் மூச்சுவிடும். வாயால் மூச்சு தாராளமாகச் செல்கையிலும் கேனுலாவின் கோடு தட்டையாகி, மூச்சே நின்றதுபோல் பொய்க்காட்சி தரும். மூச்சுத் தடைக்குப் பெரிதும் ஆளாகும் குழந்தையிடமே கேனுலா தடுமாறுகிறது.

அதனால்தான் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2007இல் வெளியிட்ட கையேடு ஒன்றைத் தள்ளி மற்றொன்றை ஏற்கவில்லை. மூச்சு நிற்பதை அறிய மூக்கையும் வாயையும் சேர்த்து உணரும் வெப்ப உணரி, மூச்சு குறைவதை அறிய நாசி அழுத்தம் என இரண்டுக்கும் பணி பிரித்தது. கரியமிலவாயுவை அளக்கும் பணியும் கேனுலாவைச் சேர்ந்தது. உறக்க நேரத்தில் கால்பங்குக்கு மேல் அவ்வாயுவின் அழுத்தம் 50 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் குழந்தைக்கு மூச்சுக் குறைபாடு எனக் கொள்ளப்படும். அழுத்தம் அறியவும் வாயு மாதிரி எடுக்கவும் வெவ்வேறு பாதை கொண்ட கேனுலாக்கள் இத்தேவையால் எழுந்தவை.

ஹில்லின் வாதத்துக்கு 2013இல் ஓரளவு விடை கிடைத்தது. 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே டான்சில், அடினாய்டு அறுவை செய்தனர்; மறுபிரிவைக் கண்காணித்துக் காத்திருந்தனர். ஏழு மாதங்களுக்குப் பின் கவனத்திறன் தேர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; அவ்வகையில் ஹில் நம்பிய அளவுக்கு விடை எளிதாயில்லை. நடத்தையும் வாழ்க்கைத் தரமும் அறுவைக்குப்பின் மேம்பட்டன. உறக்கப் பதிவு இயல்பானோர் அறுவை செய்த பிரிவில் 79 சதவீதம், காத்திருந்த பிரிவில் 46 சதவீதம். காத்திருந்தோரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கத்தியின்றியே தேறினர் என்பது கருதத்தக்கது. யாருக்கு அறுவை, யாருக்குக் காத்திருப்பு என்று ஆராயும் பெற்றோரும் மருத்துவரும் அந்தப் பதிவை நம்பியே பேசுகின்றனர்.

ஆகவே கேனுலாவைத் தேர்வதும் பொருத்துவதும் சில்லறை வேலையல்ல. முனைகள் தடித்திருந்தால் சிறு நாசித் துளையை அவையே அடைத்து, அளக்க வந்த தடையைத் தாமே உண்டாக்கும்; மிகக் குட்டையாக இருந்தால் அழுத்தம் சரிவரப் பதியாது. முனைகளின் வளைவு நாசித் தளத்தை ஒட்டிக் கீழ்நோக்கி அமைய வேண்டும். குழாய் கன்னங்களில் ஒட்டப்பட வேண்டும். பிற உணரிகளைப் பொருத்தி, குழந்தை உறங்கியபின் கேனுலாவை மெல்லச் செருகுவதும் உண்டு. கோடு திடீரெனத் தட்டையானால், மூச்சு நின்றதாகக் குறிக்கும் முன் வெப்ப உணரியின் கோட்டையும் மார்பு வயிற்றின் அசைவையும் காணொளியையும் ஒப்பிடுவதும், தேவையானால் எழுந்து சென்று குழாயில் சளி அடைத்துள்ளதா என்று பார்ப்பதும் இரவுப்பணி டெக்னீஷியனின் கடமை. தன் இரவைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. காலையில் மருத்துவர் படிக்கப்போவது அந்தக் கோட்டைத்தான்.